சாப்பிட்ட இடத்தில் நிறுத்தவும்

போன வாரம் எனக்குப் பணி நிறைவு விழா நடத்தினார்கள். சால்வை போர்த்தினார்கள், மாலை போட்டார்கள், சுவர்க் கடிகாரம் ஒன்றும் கொடுத்தார்கள். எனக்கு இன்னும் முப்பது வயதாகவில்லை. தாலுகா ஆபீசில் வேலை கிடைத்திருப்பதால், பள்ளி பள்ளியாகப் போய்க் கதை படித்துக் காட்டும் வாசிப்பு வண்டியிலிருந்து இறங்குகிறேன், அவ்வளவுதான். ஆனால் எங்கள் மேற்பார்வையாளர் மங்கையர்க்கரசி மேடம், "மாலை போடாம யாரையும் அனுப்பினதில்ல, இவள மட்டும் எதுக்கு விடணும்?" என்று சொல்லிவிட்டார். மேடையிலிருந்து இறங்கும்போது வண்டி டிரைவர் அண்ணன் என் காதருகில் வந்து, "பென்ஷன் எப்பம்மா வரும்?" என்றார்.

புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் நீங்கள் அன்று என்னைச் சுற்றி உட்கார்ந்து ஒன்று கேட்டீர்கள். "அக்கா, மத்த புத்தகப் பெட்டியெல்லாம் சமாளிச்சுக்குறோம். போர்க் கதைப் பெட்டிய எப்படிப் படிக்கிறதுன்னு மட்டும் எழுதிக் குடுத்துட்டுப் போங்க." ஓய்வு பெற்றவர்களுக்கு அறிவுரை சொல்ல இடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. படியுங்கள்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் எழுத்துக் கூட்டியவள் நான். அதனால் கொஞ்சம் பந்தா இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். வேப்பந்தட்டைப் பக்கம் சின்ன வெங்காயமும் பருத்தியும் போடுகிற காடுகளில் கூலிக்குப் போனவர்கள் என் அப்பாவும் அம்மாவும். நான் கல்லூரி முடித்து இந்த வேலையில் சேர்ந்தபோது அப்பாவுக்கு ஒரே குழப்பம். "பாடம் நடத்துறியா?" என்றார். இல்லை என்றேன். "பரீட்ச வைக்கிறியா?" அதுவும் இல்லை. "அப்ப சும்மா சத்தமாப் படிச்சுக் காட்டுறதுக்கா சம்பளம் குடுக்குறான்?" ஆமாம் என்றேன். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அம்மா, "என் மவ சத்தமாப் படிக்கிற ஆபீசுல இருக்கா" என்றுதான் சொல்வாள். இதைவிடச் சரியாக இந்த வேலையை யாரும் விளக்கியதில்லை.

பயிற்சி பெரம்பலூரில் ஒரு மாடி அறையில் நடந்தது. வெயிலும் மின்விசிறிச் சத்தமும் தவிர அதிலிருந்து எனக்கு அதிகம் நினைவில்லை. உண்மையான பயிற்சியெல்லாம் வண்டியில் ஏறிய பிறகுதான். மேடத்துக்குச் சொந்த ஊர் அரியலூர். எந்தப் பள்ளிக்குப் போனாலும் தலைமையாசிரியர் நாற்காலி கொடுத்தால் உட்கார மாட்டார். வகுப்பின் கடைசிச் சுவரில் சாய்ந்து நிற்பார். கொண்டையில் ஒரு பென்சில் செருகியிருக்கும். கைப்பையில் எப்போதும் கடலை மிட்டாய். படிப்பவள் தவறு செய்தால் பேச மாட்டார், மிட்டாயை உடைப்பார். அந்தச் சத்தம் வகுப்பு முழுக்கக் கேட்கும். எத்தனையோ நல்ல வாக்கியங்களின் நடுவில் எனக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கிறது.

போர்ப் பெட்டியில் இருப்பவை எல்லாமே சண்டையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய நாவல்கள். பெரும்பாலும் மொழிபெயர்ப்பு. ஊரை விட்டு ஓடுகிறவர்கள், நிலவறையில் ஒளிகிறவர்கள், அப்பாவைத் தேடுகிறவர்கள். இவற்றுக்கென்று மேடம் தனிச் சட்டங்கள் வைத்திருந்தார். குண்டுச் சத்தத்தை வாயால் போடக் கூடாது. இது என்னோடு சேர்ந்த ஒருத்தியால் வந்த சட்டம். அவள் ஒரு முறை "டமார்!" என்றாள், நாற்பது பிள்ளைகளும் திருப்பிச் சொன்னார்கள், அந்தப் பாடவேளை முழுக்கக் கதையில் வேறு எதுவும் நடக்கவில்லை. படித்து முடித்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்கக் கூடாது. முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது, யார் காலைப் பிடித்தாலும்.

எல்லாவற்றுக்கும் மேலான சட்டம் ஒன்று உண்டு. அன்றைய வாசிப்பை, கதையில் யாராவது சாப்பிட்ட இடத்தில்தான் நிறுத்த வேண்டும். பதுங்கு குழியிலோ நடுரோட்டிலோ பசியோடு ஒரு பிள்ளையை விட்டுவிட்டு மணி அடித்துவிட்டது என்று நாம் வண்டி ஏறக் கூடாது. மேடம் ஒவ்வொரு புத்தகத்தையும் முதலில் தானே படித்து, சாப்பாடு வருகிற வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போட்டு வைப்பார். அதிகாரத்தைப் பார்த்து நிறுத்தாதே, வட்டத்தைப் பார்த்து நிறுத்து என்பார். மேடத்துக்கே எப்போதும் பசி, அதனால் வந்த சட்டம் என்று எங்களுக்குள் பேச்சு. போர் நாவல்களில் கஷ்டம் என்னவென்றால், அவற்றில் ஆட்கள் அடிக்கடி சாப்பிடுவதில்லை. சில புத்தகங்களில் வட்டத்துக்கு வட்டம் மூச்சு வாங்க ஓட வேண்டும்.

பிள்ளைகள் இதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். வேப்பந்தட்டைப் பக்கப் பள்ளி ஒன்றில் நேரமாகிவிட்டதென்று நான் புத்தகத்தை மூடப்போனேன். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "எங்கக்கா கெளம்பிட்டீங்க? அவங்க இன்னும் சாப்புடல" என்றாள். பின்னால் மிட்டாய் உடைகிற சத்தம் கேட்டது. உட்கார்ந்து, அந்தக் குடும்பத்துக்கு ஆளுக்கொரு அவித்த உருளைக்கிழங்கு கிடைக்கும்வரை படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இப்போது நீங்கள் உண்மையில் கேட்க வந்ததற்கு வருகிறேன்.

அரியலூரிலிருந்து செந்துறை போகும் வழியில் உள்ளே தள்ளி ஒரு ஊர். பக்கத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற பள்ளம். ஊர்க்காரர்கள் மைன்ஸ் என்பார்கள். அங்கே பாறைக்கு வெடி வைக்கும் முன் சங்கு ஊதும். சங்கு கேட்டதும் ஊரில் எல்லோரும் மாட்டையும் ஆட்டையும் பிடித்துக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவார்கள். பிறகு தரை ஒரு தடவை அதிரும். பாத்திரம் கிணுகிணுக்கும். மறுபடி சங்கு ஊதினால் அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். அந்த ஊர்ப் பள்ளியில் நான் போர்ப் பெட்டியைத் திறந்தேன்.

எடுத்தது ஒரு நீல அட்டை நாவல். எங்கோ குளிர் நாடு. ஆற்றின் இரண்டு கரையிலும் இரண்டு படைகள். ஒரு பெண்ணின் அண்ணனைப் படையில் சேர்த்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்விடுகிறார்கள். முதல் நாள், நகரத்தில் சங்கு ஊதுகிறது, சனங்கள் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள் என்ற இடத்தை நடுங்கும் குரலில் படித்தேன். எதிரில் ஒருவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

"எதுக்குக்கா கத்துறாங்க? சங்கு ஊதுனா உள்ள போவணும், அவ்ளோதான" என்றான் ஒரு பையன்.

"டவுன்ல இருக்குறவங்களுக்கு அது தெரியாதுடா" என்று இன்னொருவன் விளக்கம் கொடுத்தான்.

"அந்த ஊர்ல மாட்ட யாருக்கா புடிச்சிக் கட்டுவாங்க?"

எந்தப் பயிற்சியிலும் இதற்குப் பதில் சொல்லித் தரவில்லை. அப்போதுதான் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்த வினோதினி வாயைத் திறந்தாள். ஏழாம் வகுப்பு. அதுவரை கொட்டாவி மட்டும்தான் விட்டிருந்தாள்.

"அக்கா, இங்க வெடி வைக்கறதுக்கு முன்னாடி ஆளு யாராச்சும் இருக்காங்களான்னு சுத்திப் பாப்பாங்க. அங்கயும் பாத்துட்டுத்தான போடுறாங்க?"

"இல்லம்மா. ஆள் இருக்கிற இடமாப் பாத்துத்தான் போடுறாங்க."

பின்சுவரில் மிட்டாய்ச் சத்தம் இல்லை. அன்றிலிருந்து அந்தப் பிள்ளைகள் புத்தகத்தை விடவில்லை. நான் வண்டியிலிருந்து இறங்குவதற்குள், "அந்த அண்ணன் வந்துட்டானாக்கா?" என்று கேட்டபடி ஓடி வருவார்கள். வினோதினி மட்டும் ஓடி வர மாட்டாள். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜன்னலோரத்திலிருந்து ஒரு வரிசை முன்னால் வந்து உட்கார்ந்திருப்பாள்.

காலாண்டு விடுமுறைக்கு முந்தைய கடைசி நாள். நாவலில் அண்ணனிடமிருந்து தகவல் இல்லை. அந்தப் பெண் தகர டப்பாவில் ரொட்டி எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போகிறாள். அவனுக்குக் கொடுக்காமல் நான் சாப்பிட மாட்டேன் என்று டப்பாவைத் திறக்காமலே நிற்கிறாள். அடுத்த வட்டத்துக்கு இன்னும் கொஞ்சம் பக்கங்கள் இருந்தன. நேரமும் இருந்தது. வழக்கமாக மதியம் வைக்கும் வெடி அன்று மாலைக்குத் தள்ளிப்போயிருந்தது எனக்குத் தெரியாது. சங்கு ஊதியது.

"மாடு!" என்றது வகுப்பு. தலைமையாசிரியரும் மணியை அடிக்கச் சொல்லிவிட்டார். நான் வட்டம், வட்டம் என்று கத்திக்கொண்டிருக்கும்போதே பை, செருப்பு, பிள்ளைகள் எல்லாம் காணாமல் போயின. அந்தப் பெண் திறக்காத டப்பாவோடு பாலத்தில் நிற்க, பள்ளிக்கு லீவு விட்டுவிட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு போன்.

"நீங்கதான கத படிக்கிற டீச்சர்? நான் வினோதினியோட அம்மா செல்வி. என்ன எழவு புத்தகத்தப் படிச்சிங்க எம் மவளுக்கு? ராத்திரி சோறு திங்க மாட்டேங்குறா. கேட்டா, அந்தப் பொண்ணு இன்னும் திங்கலயாம், அது தின்னாத்தான் இவ திம்பாளாம். அது எந்த ஊருப் பொண்ணுங்க? போன் நம்பர் குடுங்க, நானே கேட்டுக்குறேன்."

சிரிப்பு வந்தது. உடனே நின்றும் போனது. நான் மேடத்தைக் கூப்பிட்டேன். அவர் நலம் விசாரிக்கிற ரகம் இல்லை.

"அடுத்த வட்டம் எங்க இருக்கு?"

"அண்ணன் செத்துட்டான்னு தெரிஞ்ச பிறகு மேடம்."

"புத்தகத்த எடுத்துட்டுப் போ. மாத்திப் படிக்கலாமான்னு என்கிட்ட கேக்காத. கேட்டா வேணாம்னு சொல்லணும். எனக்கு இன்னைக்கு அதச் சொல்ல இஷ்டமில்ல" என்று வைத்துவிட்டார்.

என் ஸ்கூட்டியில் போனேன். செல்வி அக்கா வாசலில் மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போனார். போனில் இருந்த குரல் இல்லை இது.

"பெரியவன் மணிகண்டன் மிலிட்டரில இருக்கான் டீச்சர். பாடர்ல. வாரத்துக்கு ரெண்டு தடவ பேசிருவான். இப்ப எத்தன நாளா பேச்சே இல்ல. டிவில வேற என்னென்னமோ காட்டுறான். இவ டிவியப் பாக்க மாட்டா, உங்க கதையையே புடிச்சிக்கிட்டிருக்கா." சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தப் புத்தகத்துல அந்தப் பையன் வந்துருவான்ல?"

நான் தொட்டித் தண்ணீரைப் பார்த்தேன். அவருக்குப் புரிந்துவிட்டது.

"எனக்கு எழுத்து தெரியாது டீச்சர். நீங்க வந்துட்டான்னு படிச்சா எனக்கு அவன் வந்துட்டான்தான். அவளுக்கும் அப்புடித்தான். படிச்சிருங்க."

எங்கள் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு நோட்டீசையும் ரேஷன் கடை அறிவிப்பையும் நான்தான் அப்பாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். எழுதாத ஒரு வார்த்தையையும் படித்ததில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. அந்தப் பெருமை அன்று தண்ணீர்த் தொட்டியருகில் எனக்குப் பெரிய உபகாரமாக இல்லை.

வினோதினி தகரக் கொட்டகைக்குக் கீழே ஏற்கெனவே பாய் விரித்துவிட்டாள். எதிரில்தான் உட்கார்ந்தாள். பக்கம் அவள் கண்ணுக்குத் தெரியாது. நான் என்ன சொன்னாலும் அதுதான் கதை. செல்வி அக்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றார்.

பாலம், மழை, டப்பா. படித்தேன். பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் நடந்து வருகிறான். மழையில் முகம் தெரியவில்லை. அண்ணனின் நடை மாதிரி இருக்கிறது. அந்த வரியில் நிறுத்தினேன். "அண்ணன்தான்" என்ற ஒரு சொல் போதும். நிமிர்ந்து பார்த்தேன். அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மகள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் படிக்கத் தெரிந்த ஒருத்தி இருக்கிறாள் என்பது அப்போதுதான் உறைத்தது. இந்த லீவில் இல்லாவிட்டால் அடுத்த வருஷம், எங்கேயோ ஒரு நாள், இவள் இதே பக்கத்தைத் திறப்பாள். அப்போது அண்ணன் செத்திருப்பான், அதோடு நான் சொன்ன பொய்யும் அங்கே கிடக்கும். பிறகு யார் எதைப் படித்துக் காட்டினாலும் இவள் நம்ப மாட்டாள்.

இருந்ததைப் படித்தேன். வந்தது அண்ணனின் கூட்டாளி. அவன் கையில் அண்ணனின் தொப்பி.

செல்வி அக்கா உள்ளே போய்விட்டார். பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. ஒன்றல்ல, வரிசையாக. நான் நிறுத்தவில்லை. வட்டம் இன்னும் வரவில்லையே. கூட்டாளி அழுகிறான். அந்தப் பெண் வெகுநேரம் நிற்கிறாள். அப்புறம் டப்பாவைத் திறக்கிறாள். ரொட்டி மழையில் ஊறிப்போயிருக்கிறது. பாதியை மூடியில் வைத்து அவனிடம் நீட்டுகிறாள். அவன் மாட்டேன் என்கிறான். "உனக்காக இல்லை. நீ சாப்பிட்டால்தான் நான் சாப்பிட முடியும்" என்கிறாள். பக்கத்தில் மேடத்தின் பென்சில் வட்டம். அதை மட்டும் அவர் இரண்டு முறை சுற்றியிருந்தார்.

"ரெண்டு பேருமா தின்னாங்க?" என்றாள் வினோதினி.

"ரெண்டு பேரும்."

"அழுதுக்கிட்டேவா?"

"அது எழுதல."

"எழுதியிருக்கணும்." கண் துடைக்கவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். பிறகு உள்ளே பார்த்துக் கத்தினாள். "எம்மா, சோறு போடு. எனக்கு, அக்காவுக்கு, உனக்கும்."

செல்வி அக்கா தட்டுகளைக் கொண்டுவந்து வைத்த வேகத்தில் கருவாட்டுக் குழம்பு என் சுடிதாரில் தெறித்தது. "தின்னுங்க. அடுத்த தடவ வர்றப்பவாவது கல்யாணம் காட்சின்னு நல்லதா ஒரு புத்தகம் எடுத்துட்டு வாங்க." அவர் சோற்றைப் பிசைந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "அந்தப் பொண்ணுக்கு அம்மா இல்லியா? அவ எங்க போனா, அவ தின்னாளா?"

புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். எழுதியவர் அதைச் சொல்லவே இல்லை. புத்தகத்தில் இல்லை என்றேன்.

"ஆம்பளயா இருப்பாரு எழுதுனவரு" என்றார் செல்வி அக்கா. வினோதினிதான் முதலில் சிரித்தாள். அம்மாவின் கையைப் பிடித்து, அந்தக் கவளத்தை அவர் வாயிலேயே வைத்தாள்.

அந்த வாரமே தெரியாத எண்ணிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு.

"வணக்கம் டீச்சர். செத்துப்போனவன் பேசுறேன்."

எதிர்முனையில் ஒரே சிரிப்பு. "மணிகண்டன் டீச்சர், வினோதினி அண்ணன். டூட்டி மாத்தி மல மேல அனுப்பிட்டாங்க, அங்க போனுக்கு வழியில்ல. இப்பதான் எறங்குனேன். வூட்டுக்குப் பேசுனா அம்மா அழுவுறாங்க, தங்கச்சி அழுவுறா, ரெண்டு பேரும் உங்களத்தான் சொல்றாங்க. நீங்க என்னையக் கொன்னுட்டீங்களாமே?"

"உங்களையில்லப்பா, புத்தகத்துல..."

"எப்படிச் செத்தேன்னு கேட்டா ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. நீங்களே படிங்க, கேப்போம்."

முடிவை முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்ற சட்டத்தை அவனுக்கு எடுத்துச் சொன்னேன். அப்படியானால் முதலிலிருந்து படியுங்கள், நேரம் இருக்கிறது என்றான். சிப்பாயிடம் சட்டம் பேசி ஜெயிக்க முடியாது. எங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். மறுநாளும் கூப்பிட்டான், படித்தேன். படைவீரர்கள் குழிக்குள் உட்கார்ந்து தாய்நாட்டைப் பற்றிப் பேசுகிற இடத்தில் குறுக்கே புகுந்தான்.

"சத்தியமா அப்படியெல்லாம் பேச மாட்டோம் டீச்சர். சாம்பார்ல ஏன் உப்பு இல்லன்னு பேசுவோம். லீவு யாருக்கு மொதல்லன்னு சண்ட போடுவோம்."

அண்ணன் எப்படிச் செத்தான் என்பது புத்தகத்தில் பாலத்துக்குப் பிறகுதான் வரும், அதை முதலில் படிக்கச் சொன்னான். தயங்கினேன். "படிங்க, படிங்க" என்றான். முழுவதும் கேட்டான். "பாவம். தலைய இவ்ளோ தூக்கியிருக்கக் கூடாது" என்று தொழில்காரனாகக் கருத்துச் சொன்னான். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பிறகு விட்ட இடத்துக்கு, பாலத்துக்குத் திரும்பினேன். அந்தப் பெண் திறக்காத டப்பாவோடு, மழையில், பாலத்தில் நிற்கிறாள். வருகிற ஒவ்வொருவரின் நடையையும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"டீச்சர்" என்றான். "இவ எவ்ளோ நேரமா நிக்கிறா?"

"காலையிலேருந்து."

"ஒண்ணும் திங்காமயா?"

"ஆமா. படிக்கட்டுமா?"

"டீச்சர், இங்க சிக்னல் சரியில்ல. அப்புறம் பேசுறேன்" என்று வைத்துவிட்டான்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குப் பின்னால் யாரோ தட்டுக் கழுவுகிற சத்தம்கூட எனக்குத் தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.